பெருந்தொற்று வந்தால் சம்பளம், லே-ஆஃப், தனிமைப்படுத்தல்: 130 பேர் உள்ள ஆலைக்குக் கொள்கை எழுதுவது எப்படி?

தையல்_மனிதவளம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஆயத்த ஆடை ஆலை. நேரடித் தொழிலாளர் 130 பேர், அலுவலகத்தில் 22 பேர், காண்டிராக்டர் வழியாக 40 பேர். அடுத்த பெருந்தொற்று எப்போது வந்தாலும் கையில் ஒரு கொள்கை இருக்க வேண்டும் என்று நிர்வாகம் கேட்கிறது. 2020, 2021-இல் ஒட்டிய சர்க்குலர்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. ஒரே வாரத்துக்கு ஒரு பிரிவில் "லே-ஆஃப்" (வேலை தர முடியாததால் ஆட்களைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பது), இன்னொரு பிரிவில் "சம்பளமில்லா விடுப்பு", மூன்றாவதில் "சிறப்பு விடுப்பு" என்று வருகைப் பதிவேட்டில் போட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு பழைய தொழிலாளர் சட்டங்களை ஒன்றாக்கிய புதிய சட்டத் தொகுப்புகளும் வந்துவிட்டன.

என் கேள்விகள்: அரசு மூடச் சொன்னால் சம்பளம் யார் பொறுப்பு? ஆர்டர் இல்லாமல் நாமே மூடினால்? நோய் வந்தவர், நோயாளியோடு பழகியதால் வீட்டில் இருக்கச் சொல்லப்பட்டவர், பயந்து வராதவர் என மூன்று பேர் இருந்தால் மூவரையும் ஒரே மாதிரி நடத்தலாமா? தடுப்பூசி போடாதவரை உள்ளே விடாமல் இருக்கலாமா? ஒரு ஆளுக்குத் தொற்று என்றால் ஆலை முழுவதையும் மூட வேண்டுமா?

மாதிரிப் படிவம் யாரும் அனுப்ப வேண்டாம். எதற்கு எந்தச் சட்டம், எங்கே கை சுடும் என்று சொன்னால் போதும்.

---

தொழில்சட்ட_ஆலோசகர்

வணக்கம். உங்கள் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. பெருந்தொற்றுக் காலத் தகராறுகளில் பெரும்பாலானவை நோயால் வருவதில்லை, வருகைப் பதிவேட்டில் போட்ட குறியீட்டால் வருகின்றன. ஒருவர் ஒரு நாள் வேலைக்கு வரவில்லை என்றால் அது எந்த வகை என்பதை அன்றைக்கே எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு வகைக்கும் பணம் வரும் இடம் வேறு. மாதக் கடைசியில் உட்கார்ந்து "எல்.ஓ.பி." (சம்பளமில்லா விடுப்பு) என்று ஒரே கோடாக இழுத்தால் அது சட்டத்துக்குப் புறம்பான பிடித்தமாகத்தான் பார்க்கப்படும்.

முதலில் அரசு ஆணை. 2020 மார்ச் 29 அன்று உள்துறை அமைச்சகம் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இன் கீழ், ஊரடங்குக் காலத்தில் பிடித்தம் இல்லாமல் சம்பளம் தர வேண்டும் என்று ஆணையிட்டது. அந்த ஆணை 2020 மே 18 முதல் விலக்கிக்கொள்ளப்பட்டது. இடைப்பட்ட நாட்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2020 ஜூன் 12-இல், ஃபைகஸ் பாக்ஸ் வழக்கில், முதலாளிகள்மேல் கட்டாய நடவடிக்கை வேண்டாம், இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்ற அளவில் இடைக்கால உத்தரவு போட்டது. இதிலிருந்து "அரசு மூடச் சொன்னால் முழுச் சம்பளம் தர வேண்டும்" என்றோ "தர வேண்டாம்" என்றோ பொது விதி எதுவும் கிடைக்காது. அப்போதைய ஆணையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் விதி. கொள்கையில் இந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதும்: ஆணை சம்பளம் பற்றிப் பேசினால் ஆணைப்படி, பேசாவிட்டால் லே-ஆஃப் பிரிவின்படி. ஆணையை மீறினால் அதே சட்டத்தின் 51-ஆம் பிரிவில் 1 ஆண்டு வரை சிறை, மீறலால் உயிரிழப்போ உடனடி ஆபத்தோ ஏற்பட்டால் 2 ஆண்டு வரை. நிறுவனம் என்றால் பொறுப்பில் இருக்கும் அதிகாரியையும் 58-ஆம் பிரிவு பிடிக்கும்.

அடுத்தது லே-ஆஃப். 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. பழைய தொழில் தகராறு சட்டத்தின் சாரம் இதில் மாறவில்லை. 50 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள, பருவகாலத் தொழில் அல்லாத ஆலையில், 1 ஆண்டு தொடர் பணி முடித்தவருக்கு லே-ஆஃப் நாட்களில் அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி இரண்டின் கூட்டுத்தொகையில் 50% தர வேண்டும். வார விடுமுறைக்குக் கிடையாது. வீட்டு வாடகைப்படி, பயணப்படி இந்தக் கணக்கில் வராது. அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்து ₹14,000 என்று வையுங்கள். 26-ஆல் வகுத்தால் நாளுக்கு ₹538.46, பாதி ₹269.23. 18 வேலைநாள் லே-ஆஃப் என்றால் ₹4,846. மொத்தச் சம்பளத்தில் பாதி என்று நினைத்துக்கொண்டு போராடும் தொழிலாளரும் உண்டு, அடிப்படையில் மட்டும் பாதி போட்டு அகவிலைப்படியை விட்டுவிடும் கணக்காளரும் உண்டு.

அரசிடம் முன்அனுமதி வாங்க வேண்டிய வரம்பு முன்பு 100 பேர், இப்போது 300. அதனால் உங்கள் 130 பேருக்கு இழப்பீடு கட்டாயம், முன்அனுமதி தேவையில்லை. 2020 கோப்பைப் பார்த்து எழுதினால் இங்கே தவறு வரும்.

பலரும் கவனிக்காத கண்ணி ஒன்று இருக்கிறது. இழப்பீடு எவ்வளவு என்று சொல்லும் பிரிவு, லே-ஆஃப் செய்யும் அதிகாரத்தைத் தானாகக் கொடுப்பதில்லை. அந்த அதிகாரம் நிலையாணையிலோ (ஆலைக்கென்று சான்றளிக்கப்பட்ட பணி விதிகள்) பணி நியமன உத்தரவிலோ இருக்க வேண்டும். 1976-இல் ஃபயர்ஸ்டோன் டயர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அந்த வழக்கு 50 பேருக்கும் குறைவாக இருந்த ஒரு கிளையைப் பற்றியது. லே-ஆஃப் செய்ய ஒப்பந்தத்தில் இடம் இல்லையென்றால் "வேலை இல்லை, போய் வா" என்று சொன்ன நாளுக்கும் சம்பளப் பொறுப்பு முதலாளியைவிட்டுப் போகாது. இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள்: நிலையாணை கட்டாயம் என்பதற்கான வரம்பும் இப்போது 300 பேர். புதிதாகத் தொடங்கும் 130 பேர் ஆலைக்கு நிலையாணையே இருக்காது. அப்படியானால் நியமன உத்தரவில் லே-ஆஃப் வரி இல்லாமல் நீங்கள் எழுதும் கொள்கைக்குக் காலே கிடையாது. நியமன உத்தரவு எல்லோருக்கும் தர வேண்டும் என்பது இப்போது கட்டாயம். அதிலேயே இந்த வரியைச் சேர்த்துவிடுங்கள். உங்களிடம் பழைய சான்றளிக்கப்பட்ட நிலையாணை இருந்தால் அதைத் தேடி எடுத்து முதலில் படியுங்கள்.

45 நாள் விஷயத்திலும் ஒரு தவறான நம்பிக்கை ஊறிக்கிடக்கிறது. 12 மாதத்தில் 45 நாளைத் தாண்டினால் இழப்பீடு தானாக நின்றுவிடாது. "45-க்குப் பிறகு இழப்பீடு இல்லை" என்று தொழிலாளரோடு ஒப்பந்தம் இருந்தால்தான் நிற்கும். இல்லையென்றால் ஓடிக்கொண்டே இருக்கும். 45-க்குப் பிறகு ஆட்குறைப்பு செய்தால், முந்தைய 12 மாதத்தில் கொடுத்த லே-ஆஃப் தொகையை ஆட்குறைப்பு இழப்பீட்டில் கழித்துக்கொள்ளலாம். ஆட்குறைப்புக்கு வழக்கமான விதிகள் அப்படியே: 1 மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம், கடைசியில் சேர்ந்தவர் முதலில். பெருந்தொற்று என்பதால் இவற்றில் எதுவும் தளராது.

உங்கள் 22 அலுவலக ஊழியரைத் தனியாகப் பிரியுங்கள். எழுத்தர் வேலை பார்ப்பவர் சட்டப்படி தொழிலாளர்தான். நிர்வாகப் பணியில் இருப்பவரும், மேற்பார்வைப் பணியில் மாதம் ₹18,000-க்கு மேல் வாங்குபவரும் தொழிலாளர் வரையறைக்குள் வரமாட்டார்கள். அவர்களுக்கு லே-ஆஃப் கிடையாது, ஒப்பந்தம்தான் பேசும்.

---

பேரோல்_பெரியவர்

மேலே சொன்னதில் ஒரு சின்ன இடத்தை விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் ஷிஃப்டைப் பிரித்து ஓட்டும்போது அங்கேதான் கணக்கு உதைக்கும்.

லே-ஆஃப் வரையறையின் விளக்கத்தில் இரண்டு மணி நேரம், அரை நாள் என்று இரண்டு விதி இருக்கிறது. தொழிலாளர் நேரத்துக்கு வந்து நின்று, 2 மணி நேரத்துக்குள் வேலை தரவில்லை என்றால் அன்று முழுநாளும் லே-ஆஃப். "இப்போது வேண்டாம், ஷிஃப்டின் பிற்பாதியில் வா" என்று சொல்லி, அவர் வந்து வேலை கொடுத்தால் அரை நாள் மட்டும் லே-ஆஃப். வரச் சொல்லிவிட்டு, வந்த பிறகும் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பினால் அந்தப் பிற்பாதிக்கு முழு அடிப்படையும் அகவிலைப்படியும் தர வேண்டும், பாதி அல்ல. துணி வரும் வரும் என்று வாசலில் உட்கார வைப்பது மலிவு என்று மேற்பார்வையாளர்கள் நினைப்பார்கள். சம்பளப்பட்டியலில் அது விலை கூடிய முடிவு.

லே-ஆஃபில் இருப்பவர் நாளுக்கு ஒரு முறையாவது குறித்த நேரத்தில் வந்து ஆஜராக வேண்டும், இல்லையென்றால் இழப்பீடு இல்லை என்றும் விதி உண்டு. ஊரடங்கில், பேருந்தே ஓடாதபோது இதைக் காட்டிப் பணத்தை மறுத்தால் எந்த அதிகாரி முன்னாலும் நிற்காது. போனிலோ வாட்ஸ்ஆப்பிலோ ஒரு செய்தி அனுப்பினால் ஆஜர் என்று கொள்கையிலேயே தளர்த்தி எழுதுங்கள். பதிவேட்டை மட்டும் மூடிவிடாதீர்கள். லே-ஆஃப் நாளிலும் பதிவேடு வைத்திருக்க வேண்டியது முதலாளியின் கடமை.

லே-ஆஃப் நாள், ஓராண்டுத் தொடர் பணிக்கான 240 நாள் கணக்கில் சேரும். பணிக்கொடைக்கான தொடர் பணியும் முறியாது. ஈட்டிய விடுப்புக்குத் தகுதி பார்க்கும்போது அந்த நாட்களைச் சேர்க்க வேண்டும், ஆனால் அந்த நாட்களுக்கு விடுப்பு சேராது. மென்பொருளில் "எல்.ஓ.பி." என்று போட்டால் தகுதிக் கணக்கிலிருந்தும் விழுந்துவிடும். அதனால் "எல்.ஏ." மாதிரி தனிக் குறியீடு ஒன்றை இன்றைக்கே உருவாக்கிவிடுங்கள்.

அடுத்து இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு. மாதம் ₹21,000 வரை வாங்குபவர்கள் இதில். நோய்க்கால உதவி, சராசரி நாள் ஊதியத்தில் 70%. அடுத்தடுத்த இரண்டு உதவிக் காலங்கள் (ஒவ்வொன்றும் 6 மாதம்) சேர்ந்து அதிகபட்சம் 91 நாள். அதற்குரிய 6 மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். முதல் 2 நாள் காத்திருப்பு, அதற்குப் பணம் இல்லை. முந்தைய நோய்க்காலம் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி விழுந்தால் காத்திருப்பு இல்லை. சராசரி ஊதியம் ₹600, சான்றிதழ் 10 நாள் என்றால் 8 நாளுக்கு ₹420 வீதம் ₹3,360.

இங்கே மூன்று இடத்தில் தடுக்கும்.

ஒன்று, புதியவர்கள். வேலைக்குச் சேர்ந்து முதல் 9 மாதம் பண உதவி கிடைக்காது, மருத்துவம் மட்டும் உண்டு. தையல் ஆலையில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், அதனால் எப்போது பார்த்தாலும் கணிசமான பேர் இந்த 9 மாதத்துக்குள் இருப்பார்கள். காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருவது பெரும்பாலும் இவர்கள்தான், வேறு வழி இல்லை. இவர்களுக்கு நிர்வாகம் சம்பளத்தோடு 7 நாளாவது கொடுத்தால் நோய் பரவுவது குறையும். தர்மத்துக்குச் சொல்லவில்லை, ஒரு லைன் முழுவதும் நின்றுபோகும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டு, ஒரே நாளுக்குச் சம்பள விடுப்பும் இ.எஸ்.ஐ. உதவியும் சேர்ந்து வராது. சம்பளத்தோடு விடுப்பு கொடுத்த நாளுக்கு உதவி கிடையாது. நல்லெண்ணத்தில் 10 நாளும் சம்பள விடுப்பு போட்டுவிட்டு, தொழிலாளரையும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கச் சொன்னால், வராத நாள் சரிபார்ப்புக்கு இ.எஸ்.ஐ. அலுவலகம் எழுதிக் கேட்கும்போது மாட்டுவது அந்தத் தொழிலாளர். காத்திருப்பு நாள் இரண்டுக்கும் கம்பெனி சம்பளம், மூன்றாம் நாளிலிருந்து இ.எஸ்.ஐ. என்று பிரித்தால் சுத்தமாக இருக்கும்.

மூன்று, நோயாளியோடு பழகியதால் வீட்டில் இருப்பவர். அவருக்கு நோய் இல்லை. இ.எஸ்.ஐ. மருத்துவர் சான்றிதழ் தந்தால்தான் நோய்க்கால உதவி. தராவிட்டால் அவருக்கு எந்தச் சட்டத்திலும் பணம் இல்லை. வராதே என்று சொன்னதோ நாம். உடல் நன்றாக இருந்து வேலைக்கு வரத் தயாராக இருப்பவரை நாமே வாசலில் நிறுத்திவிட்டுச் சம்பளத்தையும் பிடித்தால் அது நியாயமும் இல்லை, தொழிலாளர் துறை முன் வாதாடவும் முடியாது. இதற்கு "தனிமை விடுப்பு, முழுச் சம்பளம்" என்று தனித் தலைப்பு போடுங்கள்.

பயந்து வராதவர் தனி வகை. முதலில் காரணம் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். கர்ப்பிணி, டயாலிசிஸ் செய்பவர் வீட்டில் இருக்கிறார் என்ற மாதிரிக் காரணம் இருந்தால் ஈட்டிய விடுப்போ மாற்று வேலையோ கொடுக்கலாம். காரணமே இல்லை, ஆலையில் பாதுகாப்பு ஏற்பாடும் சரியாக இருக்கிறது என்றால் அப்போதுதான் சம்பளமில்லா விடுப்பு. அதற்குமுன் பெயரை நீக்கினால் ஆட்குறைப்பு வழக்காகத் திரும்பி வரும். நோய்க்கால உதவி வாங்கிக்கொண்டிருப்பவரை அந்தக் காலத்தில் வேலையைவிட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்பது இ.எஸ்.ஐ. சட்டத்தின் பழைய 73-ஆம் பிரிவிலிருந்தே வரும் விதி. 2020-இல் இதைப் பலர் மறந்தார்கள்.

காண்டிராக்ட் ஆட்கள் 40 பேர் என்கிறீர்கள். பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் ஒப்பந்தத் தொழிலாளர் பகுதியின் வரம்பு இப்போது 50 பேர், அதனால் நமக்கு ஒன்றும் இல்லை என்று காண்டிராக்டர் சொல்லுவார். ஊதியச் சட்டத் தொகுப்பின் 43-ஆம் பிரிவைக் காட்டுங்கள். அவர் சம்பளம் தராவிட்டால் ஆலை உரிமையாளர்தான் தர வேண்டும். ஊரடங்கில் காண்டிராக்டர் போனை அணைத்துவிட்டுச் சொந்த ஊருக்குப் போய்விட்டால், கேட்டில் வந்து நிற்கும் 40 பேருக்கும் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். ஒவ்வொரு மாதமும் பில் தொகையில் ஒரு பகுதியை நிறுத்தி வைக்கும் ஷரத்து இப்போதே போடுங்கள்.

---

தையல்_மனிதவளம்

இருவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். 2020-இல் எல்லாத் தொழிலாளரிடமும் "3 மாதம் பாதிச் சம்பளத்துக்குச் சம்மதம்" என்று வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிய கோப்பு இருக்கிறது. வேலை முழுநாள் நடந்திருக்கிறது. அதே மாதிரி மறுபடி செய்யலாம் என்கிறார்கள். மேலும் 12 மணி நேர ஷிஃப்ட், இரண்டு குழு என்றால் கூட்டம் குறையும் என்று உற்பத்தி மேலாளர் சொல்கிறார்.

---

தொழில்சட்ட_ஆலோசகர்

வெள்ளைத்தாள் கையெழுத்து இரண்டு காரணத்தால் நிற்காது. முழுநாள் வேலை வாங்கிவிட்டு, தரும் தொகை குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போனால் தொழிலாளர் சம்மதித்தாலும் செல்லாது. குறைந்தபட்ச ஊதியத்தை யாரும் விட்டுக்கொடுக்க முடியாது. குறைந்தபட்சத்துக்கு மேல் இருந்தாலும், ஊதியம் என்பது பணி நிபந்தனை. அதை மாற்ற 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும், அல்லது முறையான உடன்படிக்கை வேண்டும். சங்கம் இருந்தால் சங்கத்தோடு. இல்லையென்றால் தொழிலாளர் கூட்டம் போட்டு, தீர்மானம் எழுதி, அதிகாரம் கொடுத்த பிரதிநிதிகளோடு. உடன்படிக்கையின் நகல் தொழிலாளர் துறைக்குப் போக வேண்டும். எந்தத் தேதி வரை, எத்தனை விழுக்காடு, நிறுத்தி வைத்த தொகை பிறகு திரும்புமா, எந்த நிலையில் பழைய சம்பளம் திரும்பும் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். தேதி இல்லாத சம்பளக் குறைப்பு உடன்படிக்கையைப் பார்த்தாலே அது யார் எழுதியது என்று அதிகாரிக்குத் தெரிந்துவிடும்.

ஷிஃப்ட் மாற்றத்துக்கு ஒரு விலக்கு இருக்கிறது. அவசர நிலையில் ஷிஃப்டையோ ஷிஃப்ட் முறையையோ மாற்ற, குறைதீர்ப்புக் குழுவைக் கலந்தால் 21 நாள் அறிவிப்பு தேவையில்லை. 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால் இந்தக் குழு கட்டாயம், இரு தரப்பிலும் சம எண்ணிக்கை. குழு காகிதத்தில் மட்டும் இருந்தால் இந்த விலக்கும் காகிதத்தில்தான். கூட்டக் குறிப்பில் கையெழுத்து வேண்டும்.

12 மணி நேரம் பற்றி: 2020-இல் குஜராத் அரசு தொழிற்சாலைகளுக்கு விலக்கு கொடுத்து, 12 மணி நேர வேலைக்கும் சாதாரண விகிதமே போதும் என்றது. உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1-இல் குஜராத் மஸ்தூர் சபா வழக்கில் அதை ரத்து செய்தது. பெருந்தொற்று பொருளாதாரத்தை முடக்கினாலும், அது தொழிற்சாலைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொன்ன "பொது அவசரநிலை" ஆகாது என்பது தீர்ப்பு. இப்போது பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் 128-ஆம் பிரிவு, பெருந்தொற்று என்றே பெயர் சொல்லி, அரசு அறிவிக்கை மூலம் 1 ஆண்டு வரை விலக்கு தரலாம் என்கிறது. அதாவது அதிகாரம் அரசுக்கு. அறிவிக்கை வரும் வரை நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் ஓடும் ஒவ்வொரு மணிக்கும் இரட்டிப்பு விகிதம், தொழிலாளரின் சம்மதமும் வேண்டும்.

---

கேட்கிறேன்_தவறா

லே-ஆஃபுக்கு இவ்வளவு தலைவலி எதற்கு? வரையறையிலேயே "இயற்கைப் பேரிடர்" இருக்கிறதே. கோவிட்டை அரசே பேரிடர் என்று அறிவித்தது. நேராக அதைக் காட்டலாமே.

---

தொழில்சட்ட_ஆலோசகர்

2020 மார்ச் 14-இல் மத்திய அரசு கோவிட்டை "அறிவிக்கப்பட்ட பேரிடர்" ஆகக் கருதியது மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து செலவு செய்வதற்காக. லே-ஆஃப் வரையறையில் உள்ள இயற்கைப் பேரிடரும் அதுவும் ஒன்று என்று அதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. 300 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலை இதை நம்பி முன்அனுமதி கேட்காமல் விடுவது சூதாட்டம். அங்கே விண்ணப்பம் போடுவதே புத்திசாலித்தனம். 60 நாளில் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம். உங்களைப் போல 130 பேர் இருக்கும் இடத்தில் அனுமதிப் பிரச்சினையே இல்லை. அதனால் லே-ஆஃப் அறிவிப்பில் "கொரோனா காரணமாக" என்று எழுதாமல் உண்மையான காரணத்தை எழுதுங்கள்: துணி வரத்து நின்றது, அனுப்ப முடியாமல் சரக்கு தேங்கிவிட்டது என்று. மூலப்பொருள் பற்றாக்குறையும் சரக்குத் தேக்கமும் வரையறையில் பச்சையாகவே இருக்கின்றன. கொள்முதல் ஆர்டர் ரத்தான மின்னஞ்சல், கிடங்கு இருப்புப் பட்டியல் இரண்டையும் அன்றைய தேதியில் கோப்பில் சேருங்கள்.

தடுப்பூசிக் கேள்வி விட்டுப்போயிற்று. 2022 மே 2-இல் ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம், யாரையும் கட்டாயப்படுத்தித் தடுப்பூசி போட முடியாது, உடல்மீதான உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவுக்குள் வருகிறது என்றது. அதே தீர்ப்பு, பொதுச் சுகாதாரத்துக்காக அளவான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்றும் சொல்கிறது. "போடாதவருக்கு வேலை இல்லை" என்ற வரி வேண்டாம். போடுபவருக்குச் சம்பளத்தோடு ஒரு நாள், அடுத்த நாள் காய்ச்சல் வந்தால் இன்னொரு நாள் என்று எழுதினால் வரிசை தானாக நீளும். போடாதவருக்கு முகக்கவசம், இருக்கை இடைவெளி, பரிசோதனை என்று நோயின் தன்மைக்கு ஏற்ற கட்டுப்பாடு. அதுவும் அன்றைய அரசு வழிகாட்டுதல் நடப்பில் இருக்கும் வரை மட்டும்.

---

பாதுகாப்பு_அலுவலர்

ஒரு ஆளுக்குத் தொற்று என்றால் ஆலையை மூட வேண்டுமா என்ற கேள்விக்கு. 2020 மே 18 தேதியிட்ட சுகாதார அமைச்சக வழிகாட்டுதல்படியே, ஓரிருவருக்கு வந்தால் அவர்கள் முந்தைய 48 மணி நேரத்தில் இருந்த இடங்களைச் சுத்தம் செய்தால் போதும், முழுக் கட்டடமும் மூட வேண்டாம். பெரிய அளவில் பரவினால்தான் கட்டடத்தை 48 மணி நேரம் மூடுவது. தொழிலாளருக்குத் தொற்று வந்தால் முதலாளிமேல் வழக்கு, ஆலைக்கு 3 மாதம் சீல் என்று அப்போது பரவிய பேச்சை உள்துறை அமைச்சகம் 2020 ஏப்ரல் 23-இலேயே மறுத்துவிட்டது. அந்தப் பயத்தில் தொற்றை மறைத்த ஆலைகளில்தான் அது அதிகம் பரவியது.

யாரைத் தனிமைப்படுத்துவது என்பதில் கணக்கு அறிகுறி தொடங்கிய நேரத்திலிருந்து போகிறது, ரிசல்ட் வந்த நேரத்திலிருந்து அல்ல. ஒருவருக்குச் செவ்வாய் காலை தொண்டை வலி, வியாழன் ரிசல்ட் என்றால், தேடத் தொடங்க வேண்டியது ஞாயிறு காலையிலிருந்து. திங்கள் ஷிஃப்டில் அவர் எந்த மெஷினில், முன்னும் பின்னும் யார், பண்டில் எடுத்துக் கொடுத்த உதவியாளர் யார், செக்கிங் மேசையில் யார், வேனில் பக்கத்து இருக்கையில் யார் என்று போக வேண்டும். மற்ற ஆலைகளில் லைன் வரைபடத்தோடு நிறுத்திவிடுவார்கள். லைனில் முகக்கவசம் இருக்கும், எல்லோரும் ஒரே திசை பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். கவசத்தைக் கழற்றி, எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது சாப்பாட்டு மேசையில். அதனால் சாப்பாட்டுக்கு நிலையான இருக்கை எண் கொடுங்கள். அது ஒன்று இருந்தால் தனிமைப்படுத்த வேண்டியவர் பட்டியல் 30-இலிருந்து 5 ஆகச் சுருங்கும். தனிமை விடுப்புச் செலவும் அதே அளவு சுருங்கும்.

காற்றோட்டம். தையல் கூடத்தில் ஆளுயர ஸ்டாண்ட் ஃபேன்களை வரிசையின் ஒரு முனையில் வைத்து நீளவாக்கில் ஓட்டுவார்கள். முதல் ஆள் விட்ட மூச்சு கடைசி ஆள் வரை போகும். அதைத் திருப்பி ஜன்னல் பக்கம் வெளியே தள்ளுமாறு வைத்து, எதிர்ச் சுவரில் காற்று உள்ளே வர வழி விடுங்கள். கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்று வாங்கி, ஷிஃப்ட் நடுவில், கூடத்தின் நடுவில், தலை உயரத்தில் பாருங்கள். 800 பி.பி.எம். சுற்றி இருந்தால் பரவாயில்லை, 1,000-ஐத் தாண்டினால் எக்ஸாஸ்ட் போதவில்லை. ஜன்னல் பக்கம் வைத்து அளந்தால் எப்போதும் நல்ல எண்தான் வரும்.

வாசலில் வெப்பத் துப்பாக்கியை நம்பி உட்காராதீர்கள். வெயிலில் சைக்கிளில் வந்தவருக்கு நெற்றி கூடுதலாகக் காட்டும், பாராசிட்டமால் போட்டுவிட்டு வந்தவருக்குச் சரியாகக் காட்டும். அறிகுறி தெரிவதற்கு முன்பே பரப்பும் நோய்க்கு அது எதற்கும் ஆகாது. அதைவிட "வராதே, சம்பளம் போகாது" என்ற ஒரு வரி நன்றாக வேலை செய்யும்.

இன்னும் இரண்டு. ஆல்கஹால் சானிடைசர் தீப்பற்றும். அயர்னிங் மேசை, பாய்லர் பக்கம் வைக்காதீர்கள், அங்கே சோப்பும் தண்ணீரும். தரை, கைப்பிடிக்கு 1% ஹைப்போகுளோரைட் போதும். அதைக் கழிவறை ஆசிட்டோடு கலந்தால் குளோரின் வாயு வரும். கலக்கும் ஆளுக்கு இதைச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். ஆட்கள்மீது தெளிக்கவே கூடாது.

தொற்று வந்தவர் பெயரை நோட்டீஸ் போர்டில் போட வேண்டாம். "லைன் 4, திங்கள் பகல் ஷிஃப்ட், தொடர்பில் இருந்தவர்களைத் தனித்தனியே அழைக்கிறோம்" என்றால் போதும். பரிசோதனை ரிசல்ட்டை வாட்ஸ்ஆப் குழுவில் வாங்கவும் கூடாது. ஒருவர் மட்டும் பார்க்கும் எண் அல்லது மின்னஞ்சல் வையுங்கள், எத்தனை மாதத்தில் அழிப்பீர்கள் என்று கொள்கையில் எழுதுங்கள்.

---

பேரோல்_பெரியவர்

கடைசியாக ஒன்று, பணப்புழக்கம் திட்டமிடுபவர்களுக்காக. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 144-ஆம் பிரிவு, பெருந்தொற்று வந்தால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. சந்தாவை ஒரு முறைக்கு 3 மாதம் வரை தள்ளிவைக்கவோ குறைக்கவோ மத்திய அரசு ஆணையிடலாம் என்கிறது. "இடலாம்" என்பதுதான் அங்கே உள்ள சொல். ஆணை வரும்வரை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டியதைக் கட்டிவிடுங்கள். தொழிலாளர் பங்கைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் வைப்பது மற்ற எந்தத் தாமதத்தையும்விட மோசமாகப் பார்க்கப்படும். அதேபோல 2020-இல் அறிவித்த 3 மாதச் சம்பள அளவு பி.எஃப். முன்பணம், 2021-இல் வந்த இ.எஸ்.ஐ. கோவிட் நிவாரணத் திட்டம் போன்றவற்றைக் கொள்கைக்குள் எழுதாதீர்கள், அவை அந்தக் காலத்துக்கு மட்டும் வந்தவை. தனித்தாளில், தேதியோடு, பின்னிணைப்பாக வையுங்கள். வேலைநீக்கமோ ஆட்குறைப்போ நடந்தால் கணக்குத் தீர்க்க இப்போது இருப்பது 2 வேலைநாள். ஊரடங்கில் வங்கிக்கு ஆள் போக முடியாது, அதனால் சம்பளம் அனுமதிக்கும் உரிமையை வேறு வேறு வீட்டில் இருக்கும் இரண்டு பேருக்காவது நெட் பேங்கிங்கில் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள்.